காப்பாளர் கையொப்பம்

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

உன் கையெழுத்தோடு ஒரு கடிதம் வந்தது. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு நீ எனக்கு எழுதியிருக்கிறாய் என்று ஆசையாகப் பிரித்தேன். "பெறுநர்: இயக்குநர், குழந்தைச் சட்ட மையம்" என்று ஆரம்பித்து "துணைச் செயலாளர், நிதித்துறை" என்று முடித்திருந்தாய். நடுவில் நலமா என்று ஒரு வார்த்தை இல்லை.

போனில் கேட்கலாம் என்றால், போன மாதம் நீ பாதிப் பேச்சில் வைத்துவிட்டாய். அதனால்தான் எழுதுகிறேன். வந்த காகிதத்தைத் தூக்கி எறிய உங்கள் ஆபீசில் விதி கிடையாது என்று நீயே சொல்லியிருக்கிறாய்.

எங்கள் பல்கலைக்கழகத்தின் குழந்தைச் சட்ட மையத்துக்கு அரசு ஒதுக்கிய மானியத்தில் இரண்டாம் தவணையை நிறுத்திவைத்திருக்கிறீர்கள். பயனாளிகளின் ஒப்புகைப் படிவம் இல்லை என்பது காரணம். டிசம்பரிலேயே அனுப்பினோம். இருநூற்றுப் பன்னிரண்டு குழந்தைகள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். சிலர் பெயருக்குப் பக்கத்தில் பூ வரைந்திருந்தார்கள், நான் தடுக்கவில்லை. ஜனவரியில் மொத்தக் கட்டும் திரும்பி வந்தது. "பயனாளிகள் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் எனத் தெரியவருகிறது. சிறார் கையொப்பம் சட்டப்படி செல்லாது." குழந்தைச் சட்ட மையத்துக்கு வருகிறவர்கள் குழந்தைகள் என்பதை உங்கள் துறை எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டது. சிறார் கையொப்பம் ஏன் செல்லாது என்று இருபத்திரண்டு வருடமாக நான் வகுப்பெடுக்கிறேன். நினைவூட்டியதற்கு நன்றி.

இப்போது ஒவ்வொரு படிவத்திலும் காப்பாளர் கையொப்பம் வேண்டுமாம். இதில் அறுபத்தொரு பேர் அரசு சிறுமியர் இல்லத்துப் பிள்ளைகள். அவர்களுக்குச் சட்டப்படி காப்பாளர், அந்த இல்லத்தின் கண்காணிப்பாளர். அந்தப் பிள்ளைகளுக்காக நாங்கள் வழக்குப் போட்டிருப்பது யார் மேல் தெரியுமா? அதே கண்காணிப்பாளர் மேல். "என் மேல் நன்றாக வழக்குத் தொடுத்தார்கள், பரம திருப்தி" என்று அவர் அறுபத்தொரு முறை எழுதித் தந்தால் எங்களுக்குப் பணம் வரும்.

படிவத்தின் ஏழாவது கேள்வியைப் படித்தாயா? "வழங்கப்பட்டது நல்ல நிலையில் இயங்குகிறதா? ஆம் / இல்லை." நாங்கள் வழங்குவது சட்ட உதவி. எந்த இடத்தில் தட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும்?

வழக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நீ கேட்கப்போவதில்லை என்றாலும். இல்லத்தில் பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி. வாய் ஓயாது என்பதால் மற்ற பிள்ளைகள் அவளை ரேடியோ என்று கூப்பிடுவார்கள். சாப்பாட்டில் புழு இருக்கிறது என்று நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினாள். அந்தக் கடிதம் போய்ச் சேர்வதற்குள் அவளை ஸ்டோர் ரூமில் பதினோரு நாள் பூட்டிவைத்தார்கள். இன்றும் வாரத்தில் இரண்டு நாள் அங்கேதான் இருக்கிறாள். இப்போது யாரிடமும் பேசுவதில்லை.

மார்ச் 22 விசாரணை. எங்களிடம் இருப்பது ஒரே ஒரு முழுநேர வக்கீல். நான்கு மாதமாகச் சம்பளமில்லாமல் வருகிறாள். மார்ச் முதல் தேதி வேறு இடத்தில் சேரப்போகிறாள். குறை சொல்ல எனக்கு வாயில்லை. முழுநேரப் பேராசிரியர் கோர்ட்டில் வாதாடக் கூடாது என்பதால் நானும் நிற்க முடியாது. உங்கள் தவணை வரவில்லையென்றால் அன்று அந்தப் பெண்ணுக்காக எழுந்து நிற்க ஆள் இல்லை.

அம்மா எப்படி இருக்கிறாள்?

அக்கா

*

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

இது தனிப்பட்ட கடிதம். தயவுசெய்து எதனோடும் இணைத்து அனுப்பிவிடாதே.

அன்று நான் நூற்று நாற்பது கடிதங்களில் கையெழுத்துப் போட்டேன். உன்னுடையது அதில் எத்தனையாவது என்று தெரியாது. தெரிந்திருந்தாலும் போட்டிருப்பேன். சொந்த அக்காவின் மையம் என்று விட்டிருந்தால் நாளைக்கு நீயே என்னைக் கேட்பாய்.

நீ சொல்வதில் நியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறது என்று எழுத்தில் சொல்லவும் முடியாது. உன் கோபம் எனக்குப் புரிகிறது, கோப்புக்குப் புரியாது. இணைப்பு ஒன்று இருக்கிறதா, இணைப்பு இரண்டு இருக்கிறதா, அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

நீயே நேரில் போய் அந்தக் கண்காணிப்பாளரிடம் கேட்டுப்பாரேன். விசாரித்தேன், மோசமான ஆள் இல்லை என்கிறார்கள். ஒரு கையெழுத்துதானே. நீ நின்றால் எதிரில் இருப்பவருக்குக் குற்றப்பத்திரிகை படிப்பது போலவே இருக்கும். கொஞ்சம் உட்கார்ந்து பேசு.

அப்புறம், மூன்று பக்கம் எழுதிவிட்டு அம்மாவைப் பற்றி மூன்று வார்த்தை கேட்டிருக்கிறாய். நவம்பரில் கண் ஆபரேஷன் ஆயிற்று. அன்று நீ எந்த ஊரிலோ குழந்தைகளின் உரிமை பற்றிப் பேசிக்கொண்டிருந்தாய். தினம் ஆறு வேளை சொட்டு மருந்து. நானும் என் மனைவியும் மாறிமாறி விட்டோம். ஒரு நாள் நான் மறந்துபோய் அதே கண்ணில் இரண்டு தடவை விட்டுவிட்டேன். குழந்தைகளுக்குச் சட்டம் இருக்கிறது, அம்மாக்களுக்கு இல்லை போலிருக்கிறது.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "ரொம்பக் கோவமா எழுதியிருக்காளா? அப்ப உடம்பு நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

தம்பி

*

பிப்ரவரி 14

தம்பிக்கு,

நவம்பர் விஷயத்தில் நீ சொன்னது சரி. அதற்கு என்னிடம் பதில் இல்லை. அதனால் எனக்குப் பதில் தெரிந்த விஷயத்துக்குப் போகிறேன்.

உன் யோசனைப்படி முதலில் உட்கார்ந்து பேசினேன், துணைவேந்தரிடம். இரண்டு மாதத்துக்குப் பல்கலைக்கழகமே அந்த வக்கீலின் சம்பளத்தைக் கொடுக்கட்டும், மானியம் வந்ததும் நேர் செய்துகொள்ளலாம் என்றேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "ஏம்மா, பேரைக் கொஞ்சம் மாத்திக்கிட்டா என்ன? குழந்தை இருக்கட்டும். சட்டம்னு வருது பாருங்க, அதுதான் உறுத்துது" என்றார். குழந்தைகள் மகிழ்ச்சி மையம் என்று வைத்தால் மேலிடத்தில் யாருக்கும் சங்கடம் இருக்காதாம். மையத்தின் வாசலில் வளைவு கட்ட வேண்டுமானால் தனி நிதி தயாராக இருக்கிறதாம். அதுதான் நியாயம். வளைவுக்கு வயதும் கிடையாது, காப்பாளரும் கிடையாது.

நேற்றுக் கண்காணிப்பாளரைப் பார்த்தேன். நீ விசாரித்தது சரிதான், மோசமான ஆளாகத் தெரியவில்லை. எழுந்து நின்று வரவேற்றார். டீயும் பிஸ்கட்டும் வந்தன. மேஜைக் கண்ணாடிக்கு அடியில் அவருடைய மகள் ஸ்கூல் யூனிஃபார்மில் சிரித்துக்கொண்டிருந்தாள். ரேடியோவின் வயதுதான் இருக்கும்.

"கையெழுத்துக்கு என்ன மேடம், பேனா இருக்கு, கை இருக்கு" என்றார். "அறுபத்தொண்ணு என்ன, அறுநூறு போடறேன்."

"அப்ப போடுங்க" என்றேன்.

"போடறேன். நீங்க கோர்ட்ல ஒரு பேப்பர் குடுத்திருக்கீங்க இல்ல, அதைத் திருப்பி வாங்கிக்குங்க. நான் இந்தப் பேப்பர்ல போட்டுடறேன். வழக்கு நடக்கிறப்ப எதிர்க்கட்சிக்காரன் நற்சான்று குடுத்தா நல்லாவா இருக்கும்? நீங்களே சட்டம் படிச்சவங்க."

எனக்கு ஆத்திரம் வந்ததே அவர் சொன்னது சட்டப்படி சரியாக இருந்ததால்தான்.

"அந்தப் பொண்ணை எதுக்கு சார் பூட்டி வைக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"பூட்டி வைக்கலை மேடம். அமைதியா இருக்க ஒரு இடம் குடுத்திருக்கோம். இப்ப எவ்வளவு அமைதியா இருக்கா தெரியுமா? டீச்சருங்களே ஆச்சரியப்படறாங்க."

நீ இதைப் படிக்கும்போது நான் டீயை அவர் முகத்தில் ஊற்றியிருப்பேன் என்று நினைப்பாய். ஊற்றவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆமாம், யோசித்துச் சொல்கிறேன் என்றேன். நான். இருபத்திரண்டு வருடமாக மாணவர்களுக்கு எதையெல்லாம் யோசிக்கவே கூடாது என்று சொல்லிக்கொடுத்தேனோ, அதைப் பற்றி.

நேராக ஒரு கேள்வி கேட்கிறேன், நேராகப் பதில் சொல். அந்தப் படிவத்தை எழுதிய புண்ணியவான் யார்? அவரிடம் நான் பேச வேண்டும்.

அக்கா

*

பிப்ரவரி 21

அக்காவுக்கு,

நான்தான்.

பதினெட்டு வருடத்துக்கு முன்னால் உதவியாளராக இருந்தபோது எழுதினேன். ஆதரவற்ற பெண்களுக்குத் தையல் மெஷின் கொடுக்கும் திட்டம். நானூறு மெஷின் கொடுத்ததாகக் கணக்கு இருந்தது. விசாரித்தால் நூற்றுப் பத்துப் பேர் செத்துப்போனவர்கள். மீதிப் பேர் வீட்டில் மெஷினும் இல்லை, தையலும் இல்லை. அதற்கப்புறம்தான் பயனாளி கையெழுத்து வேண்டும், வயது வந்தவராக இருக்க வேண்டும், இல்லையென்றால் காப்பாளர் போட வேண்டும், மெஷின் ஓடுகிறதா என்று சொல்ல வேண்டும் என்று நான் எழுதினேன். அடுத்த வருடம் திருட்டு நின்றது. மெஷின்கள் நிஜமாகவே ஓடின. என் வேலையில் நான் பெருமைப்படும் ஒரே காகிதம் அது. அது நன்றாக இருக்கிறது என்று பிறகு எல்லாத் திட்டத்துக்கும் அதையே வைத்துவிட்டார்கள். உன் மையம் வந்தபோது "மெஷின்" என்ற வார்த்தையை மட்டும் அடித்துவிட்டார்கள். வேறு எதையும் யாரும் தொடவில்லை, நானும்தான்.

இப்போது மாற்று என்று சொல்லாதே. மாற்ற வேண்டுமென்றால் ஒரு குழு போட வேண்டும். குழு போட வேண்டுமா என்று பார்க்க இன்னொரு குழு. எனக்குப் பதவி உயர்வுப் பட்டியல் ஏப்ரலில் வருகிறது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

கோபப்படாமல் படி. அந்த ஆள் சொன்னதை எடுத்துக்கொள். மனுவைத் திரும்ப வாங்கு, கையெழுத்தை வாங்கு, தவணை வரும், வக்கீல் இருப்பாள், மையம் இருக்கும். அடுத்த வருடம் வேறு ஒரு குழந்தைக்காக இதே ஆள் மேல் வழக்குப் போடு. ஒரு பெண்ணுக்காக இருநூற்றுப் பதினோரு பேரை விட்டுவிடாதே. உனக்கு நல்லது என்று நினைத்துத்தான் சொல்கிறேன்.

அம்மா உன் கடிதத்தை இந்தத் தடவை முழுசாகப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். டீ கதை வந்ததும், "ஊத்தலையா? அவளுக்கு வயசாகுது" என்றாள்.

தம்பி

*

பிப்ரவரி 25

தம்பிக்கு,

தையல் மெஷினுக்காக நீ எழுதியதைப் படித்து, ஒரு நிமிடம், உன் மேல் எனக்கு மரியாதை வந்தது. அடுத்த பத்தியிலேயே அதை வாங்கிக்கொண்டுபோய்விட்டாய்.

உன் கூட்டல் கழித்தலுக்குப் பதில் சொல்லும் உரிமை எனக்கு இல்லை. வழக்கு அந்தப் பெண்ணுடையது. அதனால் அவளிடமே கேட்டேன். நேற்று இல்லத்தில், ஒரு டீச்சர் கதவோரம் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருக்க, விஷயத்தை அப்படியே சொன்னேன். இந்த மனுவை எடுத்துவிட்டால் மையத்துக்குப் பணம் வரும், எடுக்காவிட்டால் வராமல் போகலாம் என்று.

என் கைப்பையின் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வாரத்தில் முதல் தடவையாக வாய் திறந்தாள்.

"எடுத்துட்டா அந்த வக்கீல் அக்காவுக்குச் சம்பளம் வருமா?"

"வரும்."

"அப்ப எடுத்துடுங்க மேடம். பரவாயில்ல. எனக்கு அந்த ரூம் பழகிடுச்சு."

டீச்சர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், பார்த்தீர்களா எவ்வளவு நல்ல பிள்ளை என்று.

என்னை மிரட்டியிருக்கிறார்கள். விலை பேசியிருக்கிறார்கள். ஒரு தடவை கார் கண்ணாடியை உடைத்தார்கள். பதினான்கு வயதுப் பிள்ளை என்னைப் பார்த்துப் பரவாயில்லை என்று சொன்னது இதுதான் முதல் தடவை. ஒரு பிள்ளையை அந்த ரூம் பழகிப்போகும் அளவுக்குக் கொண்டுவந்துவிட்டு, அதைப் பூட்டியவன் ஒழுங்காகப் பூட்டினான் என்று கையெழுத்தும் கேட்கிறோம். இதற்கு அரசு என்று பேர், துறை என்று பேர், நிதி என்று பேர்.

மனுவை எடுக்கமாட்டேன் என்று கண்காணிப்பாளருக்கு எழுதி அனுப்பிவிட்டேன். உனக்கு நல்லது என்று நீ எனக்கு எழுதியதை நான் மறக்க முயல்கிறேன். இனி இந்த விஷயமாக எனக்கு எழுதாதே. அம்மாவைப் பற்றி மட்டும் எழுது.

அக்கா

*

மார்ச் 8

அக்காவுக்கு,

எழுதாதே என்றாய். இது கடைசி.

உன் கடிதம் வந்த அன்று மதியம் கூட்டம் இருந்தது. பாதியில் எழுந்து வந்து, பழைய அலமாரியில் என் படிவத்தின் மூலப்பிரதியைத் தேடினேன். பின்பக்கத்தில் பதினோராவது விதி என்று ஒன்று இருந்தது. நானே எழுதி நானே மறந்துவிட்டேன். "ஐயம் எழுமிடத்து, அனுமதி வழங்கும் அலுவலர், வழங்கப்பட்டதை அது இருக்கும் இடத்திலேயே நேரில் பார்வையிட்டு நிலையைப் பதிவு செய்யலாம்." மெஷின் நிஜமாக இருக்கிறதா என்று வீடு வீடாகப் போய்ப் பார்ப்பதற்காக எழுதியது. ஒருவரும் அதைப் பயன்படுத்தவில்லை, பயணப்படி குறைவு.

மார்ச் 4 அன்று உன் ஊருக்கு வந்தேன்.

நிதித்துறையிலிருந்து ஆள் என்றதும் கண்காணிப்பாளர் ஏதோ பராமரிப்பு நிதி தரவந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். புது பெயிண்ட் காட்டினார், புது கேட் காட்டினார், சமையலறைத் தரையைத் துடைத்துக் காட்டினார். பயனாளிகளைப் பட்டியல்படி பார்க்க வேண்டும் என்றேன். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினார். எண்ணினேன். அறுபது.

"ஒண்ணு குறையுதே."

"அந்தப் பொண்ணுக்குக் காய்ச்சல் சார்."

"காய்ச்சல் எந்த ரூம்ல இருக்கு?"

"ஸ்டோர் ரூம் பக்கம்... சாவி கிளார்க்கிட்ட. அவர் லீவு."

"பரவாயில்ல, உட்காந்திருக்கேன். எனக்கு ரயில் நாளைக்குத்தான்."

பத்து நிமிடத்தில் சாவி அவருடைய மேஜை டிராயரிலிருந்தே வந்தது.

என்னிடம் டேப் இருந்தது. அளந்தேன், எனக்கு அதுதான் தெரியும். ஆறடிக்கு எட்டடி. ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். உடைந்த பெஞ்சுகள், பினாயில் டின்கள், நடுவில் ஒரு பாய். அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எழுந்து நின்று குட் மார்னிங் சார் என்றாள். அப்போது மணி மூன்று.

ஒரு குழந்தையிடம் என்ன பேசுவதென்று தெரியவில்லை. படிவத்தில் இருந்த கேள்விகளையே வரிசையாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். கடைசியில், "சார், கதவைக் கொஞ்ச நேரம் திறந்தே வச்சுக்கலாமா?" என்று கேட்டாள். பூட்டைக் கழற்றி என் பையில் போட்டுக்கொண்டேன். அவளை மற்றப் பிள்ளைகளோடு மாடியில் படுக்கவைக்கும் வரை நான் கிளம்பவில்லை.

ஏழாவது கேள்விக்கு "இல்லை" என்று எழுதினேன். அளவு, ஜன்னல், பூட்டு, நேரம் எல்லாம் குறிப்பில் இருக்கிறது. ஒரு பிரதி கோப்புக்கு. ஒரு பிரதி என் மேலதிகாரிக்கு. இன்னொன்றை நீதிமன்றப் பதிவாளருக்கு அனுப்பினேன். அப்படி அனுப்பச் சொல்லி எந்த விதியும் இல்லை. எல்லா விதியையும் தேடிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன்.

உன் வீட்டுக்கு வரவில்லை. பார்வையிடும் அலுவலர் மானியம் பெறுபவரைச் சந்திக்கக் கூடாது என்பதும் நான் எழுதியதுதான். உன் மையத்துக்கு எதிர் பஸ் ஸ்டாப்பில் இருபது நிமிடம் நின்றேன். மாடி ஜன்னலில் நீ யாரையோ திட்டிக்கொண்டிருந்தாய். போனிலா நேரிலா என்று தெரியவில்லை.

அம்மாவின் இடது கண் நன்றாகத் தெரிகிறது. வலது கண் அடுத்த மாதம்.

தம்பி

*

மார்ச் 23

அன்புள்ள தம்பிக்கு,

அன்று நான் திட்டிக்கொண்டிருந்தது போனில். உன் துறையைத்தான்.

வரிசையாகச் சொல்கிறேன். மார்ச் 18 உங்கள் துறையிலிருந்து கடிதம் வந்தது. உன்னுடைய இடத்தில் வேறு ஒருவர் கையெழுத்து. "தங்கள் மையத்தின் பயனாளி நல்ல நிலையில் இல்லை என நேரடிப் பார்வையில் உறுதியாகியுள்ளதால் இரண்டாம் தவணை நிராகரிக்கப்படுகிறது." உன் அறிக்கையை வரிக்கு வரி மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். பூட்டியவனைப் பற்றி ஒரு சொல் இல்லை. பூட்டப்பட்டவள் நல்ல நிலையில் இல்லாததற்கு அவளுக்காக வழக்குப் போட்டவர்கள் பொறுப்பு. இதை எழுதியவர் சிரிக்காமல் எழுதியிருக்கிறார் என்பதுதான் என்னால் நம்ப முடியாதது. மாதக் கடைசியில் மையத்தைப் பூட்டுகிறோம். வாசலில் வளைவு வேலை மட்டும் ஆரம்பித்துவிட்டது.

உன்னை ஆவணக் காப்பகத்துக்கு மாற்றிவிட்டதாக அம்மா போனில் சொன்னாள். பதவி உயர்வுப் பட்டியலைப் பற்றி அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "நல்ல வேலை, பத்து மணிக்குப் போய் அஞ்சு மணிக்கு வந்துடறான்" என்று மட்டும் சொன்னாள்.

நேற்று விசாரணை. நம் வக்கீல் புது வேலையில் சேர்ந்துவிட்டாள், லீவு கிடைக்கவில்லை. மார்ச் 10 அன்றே நான் பல்கலைக்கழகத்துக்கு ராஜினாமா கொடுத்தேன். இரண்டு வருடத்தில் ஓய்வு, எதற்கு இப்போது என்று துணைவேந்தர் கேட்டார். ஒரு பெண்ணுக்காக எழுந்து நிற்க வேண்டும் என்றேன். உட்காரச் சொன்னார். இருபத்திரண்டு வருடம் கழித்துக் கறுப்புக் கோட்டைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். பொத்தான் போடவில்லை, போட முடியவில்லை.

நீதிபதி உன் அறிக்கையை முதலிலிருந்து கடைசி வரை சத்தமாகப் படித்தார். "ஆறடிக்கு எட்டடி" என்ற இடத்தில் நிறுத்தி, தன் மேஜையின் நீளத்தைக் கண்ணால் அளந்தார். அரசு வக்கீல் எழுந்து, இந்த அலுவலர் அதிகாரமில்லாமல் போனார், பூட்டைத் திருடிச் சென்றார், சொந்த அக்காவுக்காகப் பொய் எழுதினார், மாண்பமை நீதிமன்றம் இதை நம்பக் கூடாது என்றார். அறையை மூடி முத்திரை வைக்க இடைக்கால உத்தரவு கிடைத்தது. அதற்குமேல் உத்தரவு, அறிக்கை எழுதியவர் வந்து கூண்டில் நின்று சொன்ன பிறகுதான்.

உன்னைச் சாட்சியாகக் கேட்டு மனுப் போட்டது நான்தான். சம்மன் இத்துடன் இருக்கிறது. ஏப்ரல் 19, காலை பத்தரை மணி. உன் துறை உனக்கு எதிராக நிற்கும். உன் வேலையைப் பற்றி மேலதிகாரிகள் எழுதிய நான்கு வருட ரகசிய அறிக்கைகளையும் எடுத்துப் படிப்பார்கள். அக்கா தம்பி என்பதைத்தான் முதலில் கேட்பார்கள், ஆமாம் என்று சொல். நூற்று நாற்பது கடிதத்தில் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதையும் கேட்பார்கள், அதற்கும் ஆமாம் என்று சொல். தெரியாததைத் தெரியாது என்று சொல். மற்றதை நீ பார்த்தபடி சொல்.

நீ கூண்டில் ஏறியதும் நான்தான் உன்னை விசாரிக்க வேண்டும். என் தம்பி என்று பார்க்கமாட்டேன். பூட்டைக் கொண்டுவா.

அம்மாவுக்கு வலது கண் ஆபரேஷன் ஏப்ரல் 12 என்றாள். அன்று நான் அங்கே இருப்பேன். சொட்டு மருந்தை நான் விடுகிறேன். 18-ம் தேதி மூன்று பேரும் ஒரே ரயிலில் வரலாம். கோர்ட்டுக்கு வந்து முன் பெஞ்சில் உட்காருவேன் என்கிறாள், இரண்டு கண்ணாலும் பார்க்க வேண்டுமாம்.

அக்கா